ஐந்தாவது வீடு

ஒரு காலத்தில், எழுதிய வரியை அழிக்க ஒரு பொத்தான் போதுமாக இருந்தது. அந்தப் பொத்தானைப் பிடுங்கிப் போட்டவள் நான்தான். அதற்காக எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஒடிசாவிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நானும் கூப்பிட்ட மேடையிலெல்லாம் கூச்சமில்லாமல் உட்கார்ந்தேன்.

என் பெயர் கோகிலவாணி. திருச்செங்கோட்டில் பெட்டி பழுது பார்ப்பவள். பெட்டி என்றால் செங்கல் அளவில் ஒரு கருப்புப் பெட்டி. எங்கள் ஊரில் ஆளுக்கு ஒன்று உண்டு. டிவிக்குப் பக்கத்திலோ சாமி படத்துக்குக் கீழேயோ இருக்கும். ஊர் ஆண்களில் பாதிப் பேர் போர்வெல் ரிக் வண்டியோடு வடக்கே போய்விடுவார்கள். ஏழெட்டு மாதம் கழித்துத்தான் முகம் பார்க்க முடியும். அதுவரை குடும்பம் நடப்பது, அவர்கள் போனிலிருந்தும் திறக்கிற இந்தப் பெட்டியில்தான். கொஞ்சல், போட்டோ, சண்டை, சமாதானம் எல்லாம் அதில்தான்.

பெட்டி வருவதற்கு முன்னால் இதெல்லாம் ஒரு பெரிய கம்பெனியின் தளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது மாதையன் என்று ஒருவன், ரிக்கில் ராடு விழுந்து செத்துப்போனான். கூட இருந்தவன் அதை வீடியோ எடுத்துப் போட்டான். மறுநாள் பார்த்தால் காணோம். விதிகளுக்குப் புறம்பானது என்று ஒரு வரி மட்டும் வந்தது. யாரிடம் போய்க் கேட்பது? கம்பெனிக்கு வாசலும் இல்லை, வாட்ச்மேனும் இல்லை. மாதையன் மனைவி தன் பக்கத்தில் எழுதி வைத்திருந்ததையும் முதலாளியின் ஆட்கள் வந்து அவளையே அழிக்க வைத்தார்கள். என்னவென்று படிக்கக்கூட விடவில்லை. விரலைப் பிடித்து அழுத்தினார்கள். கைநாட்டு வாங்குகிற பழைய வேலைதான், கண்ணாடி மேல் நடந்தது.

அந்த ஆத்திரத்தில் செய்ததுதான் எங்கள் வலை. கம்பெனி கிடையாது, நடுவில் யாரும் கிடையாது. நீ எழுதுவது உன் பெட்டியில் இருக்கும். நீயே தேர்ந்தெடுத்த ஐந்து பேர் பெட்டியிலும் ஒரு நகல் இருக்கும். அவர்கள்தான் உன் சாட்சிகள். அழிக்க வேண்டுமென்றால் ஐந்து பேரும் சம்மதிக்க வேண்டும். சம்மதம் என்றால் சும்மா அழுத்துவதில்லை. அழியப்போகிற வரியையும் அதற்குக் கீழே உள்ள பதில்களையும் வாய்விட்டு வாசிக்க வேண்டும். தனக்குப் பழகிய குரல் வாசித்ததைக் கேட்ட பிறகுதான் பெட்டி பொத்தானைத் திறக்கும். ஒருவர் வேண்டாமென்றாலும் கோரிக்கை அத்தோடு முடிந்தது. மறுபடி கேட்க முடியாது.

இனி எந்த முதலாளியும் எவள் விரலையும் பிடித்து அழுத்த முடியாது என்று மேடையில் சொல்வேன். கைதட்டுவார்கள். தானாகவே அழிக்க நினைக்கிற விரலைப் பற்றி அப்போது நான் யோசிக்கவில்லை.

தாரணி என் கடைக்கு வந்தது ஆனி கடைசியில். முப்பது வயது இருக்கும். கணவன் சபரீசன் ரிக்கில் டிரில்லராக இருந்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் சத்தீஸ்கரில் கம்ப்ரசர் ஹோஸ் கழன்று அடித்து, அந்த இடத்திலேயே போய்விட்டான். அவளை எனக்கு முன்பே தெரியும். ஊருக்கே தெரியும். தெரிந்த விதம்தான் சரியில்லை.

சபரி சாவதற்கு நாலு நாள் முன்னால் ஒரு போட்டோ போட்டிருந்தான். ரிக்கிலிருந்து தண்ணீர் பீறிட்டு அடிக்கிறது, நனைந்துபோய் இவன் சிரிக்கிறான். இன்னும் ரெண்டு போர்தான், முடித்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தான். மகள் இதழினியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வருகிறேன் என்று மூன்று முறை சொல்லி மூன்று முறையும் ஏமாற்றிய ஆள். தாரணிக்குப் பற்றிக்கொண்டு வந்துவிட்டது. அந்தப் போட்டோவுக்குக் கீழே ஊர் பார்க்க எழுதினாள்.

"ஒண்ணும் வரவேண்டாம். அங்கயே செத்துத் தொலை. உன்ற மூஞ்சில இனி முழிக்க மாட்டேன்."

கோபம் வந்தால் எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்டாட்டிதான் இதைச் சொல்லவில்லை? நான் என் வீட்டுக்காரரை வாரம் ஒருமுறை கொன்றிருக்கிறேன். மனிதர் இன்றைக்கும் இரண்டு வேளை வடை தின்றுகொண்டு சௌக்கியமாக இருக்கிறார். தாரணி சொன்னது மட்டும் நாலாம் நாள் நடந்துவிட்டது.

ஊர்வாயை மூட உலைமூடி உண்டா? கருநாக்குக்காரி என்று பேர் வைத்தார்கள். வளைகாப்புக்குக் கூப்பிடுவதில்லை. தறிப்பட்டறையில் அவளுக்கு முன்னால் யாரும் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று பேசுவதில்லை, எதையாவது சொல்லிவிடுவாளோ என்று. மாமியார் ருக்குமணி அவளோடு பேச்சை நிறுத்தி மூன்று வருடம் ஆகிறது. பேத்தி மட்டும் போய் வருவாள்.

அன்றைக்குக் கடையில் உட்கார்ந்தவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் இதழினிக்கு எட்டு வயது ஆகிறது என்றாள். எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் வலையில் எட்டு வயதானால் பிள்ளைக்கு அப்பனுடைய பெட்டியைத் திறந்துகொடுப்பது வழக்கம். எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயது, தூரத்தில் இருக்கிற அப்பனுக்கு எழுதட்டும் என்று அந்த வயதை வைத்தவளும் நான்தான்.

"பெட்டியத் தொறந்தா மொதல்ல அந்தப் போட்டோதானுங்கக்கா வரும். கடைசியாப் போட்டது அதுதானே. அதுக்குக் கீழ என்ற பேரு."

பள்ளிக்கூடத்தில் யாராவது ஏற்கெனவே சொல்லியிருக்க மாட்டார்களா என்று கேட்டேன்.

"அடுத்தவிக சொன்னா பொய்யின்னு சொல்லிக்குவா. என்ற பேரு போட்டு இருந்தா எப்படிச் சொல்லுவா?"

அவளுடைய சாட்சிகள் யார் யார் என்று பெட்டியில் பார்த்தேன். தறிப்பட்டறைத் தோழி பரிமளா. சங்ககிரியில் அவளுடைய அப்பா. பக்கத்து வீட்டு ரிட்டயர்டு கம்பவுண்டர். மாமியார் ருக்குமணி. ஐந்தாவது பேரைப் பார்த்ததும் பட்டியலை மூடிவிட்டேன். முதலில் நாலு வீட்டைப் பார்ப்போம், ஐந்தாவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். நாலில் ஒன்று மறுத்துவிட்டால் ஐந்தாவதைப் பற்றி நான் வாயே திறக்க வேண்டாமே என்று ஒரு கணக்கு. கோழைத்தனம்தான், வேறென்ன.

பரிமளா வாசிக்கும்போதே அழுதாள். வாசித்து முடித்து அழுத்தினாள். தாரணியின் அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்தார். அந்த வரி வந்ததும் மகளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். கம்பவுண்டர்தான் அரை மணி நேரம் விவாதம் பண்ணினார். இன்றைக்கு இவளுக்கு அழித்தால் நாளைக்கு முதலாளிகளும் இப்படித்தானே அழுதுகொண்டு வருவார்கள் என்று என்னிடமே என் மேடைப் பேச்சைத் திருப்பிச் சொன்னார். கடைசியில் அவராகவே மருந்துச்சீட்டு வாசிக்கிற குரலில் வாசித்து முடித்து அழுத்தினார்.

ருக்குமணி வீட்டுக்குள் நான் மட்டும் போனேன். தாரணி வெளியே வேப்பமரத்தடியில் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் சண்டையை எதிர்பார்த்துப் போனேன். அந்தப் பாவி எழுதினது இருக்கட்டும், உலகம் படிக்கட்டும் என்று சொல்வாள், நானும் பதிலுக்கு நாலு சொல்லலாம் என்று வாயைத் தீட்டிக்கொண்டு போயிருந்தேன். ருக்குமணி மெதுவாகத்தான் பேசினாள்.

"அவ சொன்னது போகட்டுமுங்க. வவுத்தெரிச்சல்ல சொல்லிப்போட்டா. நானும் அவனை எத்தனை தடவை கரிச்சுக் கொட்டியிருக்கறேன்? ஆனா அது போனா, அடியில என்ற பையன் எழுதுனதும் போயிருமல்ல?"

போய்விடும். சபரி அதற்குப் பதில் எழுதியிருந்தான். ஒரே வரி. அவன் இந்த உலகத்தில் எழுதின கடைசி வரி அதுதான். மேலே உள்ளது அழிந்தால் கீழே உள்ளதும் சேர்ந்து அழியும்படி வைத்திருந்தோம். கேள்வி இல்லாமல் பதில் மட்டும் தொங்கினால் யார் வேண்டுமானாலும் அதைத் திரித்துக் காட்டலாம் என்று ஒரு பயம். இதுவும் மேடையில் கைதட்டு வாங்கிய விஷயம்தான்.

"தெனமும் காத்தால எந்திரிச்சு அந்த வரியத்தானுங்க பாக்கறேன். மேல இருக்கறத விரல்ல மறைச்சுக்குவேன்."

இதழினிக்கு எட்டு வயது ஆகப்போகிறது என்று மட்டும் சொன்னேன். அவள் ஜன்னல் வழியே வேப்பமரத்தடியைப் பார்த்தாள். பிறகு எழுந்து, தினக்காலண்டரிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். பின்பக்கத்தில் மகனுடைய வரியைப் பேனாவால் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து எழுதினாள். நாலாக மடித்து மஞ்சள் டப்பாவில் போட்டு மூடினாள். அப்புறம் பெட்டிக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, தன் மகனைச் செத்துத் தொலை என்று சொன்ன வரியைத் தன் வாயால் வாசித்தாள். குரல் உடையவில்லை. கீழே இருந்த வரிக்கு வந்தபோதுதான் உடைந்தது. பெட்டிக்குக் கேட்கவில்லை, மறுபடி வாசியுங்கள் என்று காட்டியது. மறுபடி வாசித்தாள். மூன்றாம் முறை ஏற்றுக்கொண்டது.

அந்த வரி என்னவென்று இப்போது சொல்ல மாட்டேன். அதைச் சொல்ல உரிமைப்பட்டவள் வேறொருத்தி.

வெளியே வந்ததும் தாரணி என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவளுக்கு மூன்று வருடத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. ஐந்தாவது யாருங்கக்கா, சட்டென்று நினைவு வரமாட்டேங்குது என்று கேட்டாள்.

இதற்கு மேல் எப்படி மறைப்பது? கல்யாணத்துக்கு மறுநாள் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

எங்கள் ஊரில் இப்போது அப்படி ஒரு சடங்கு முளைத்திருக்கிறது. தாலி கட்டின மறுநாள், பாலும் பழமும் ஆன கையோடு, பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவர் பெட்டியில் ஒருவர் பெயரைச் சாட்சியாக ஏற்றுவார்கள். சுற்றி நின்று கைதட்டி, கேலி பண்ணி, இனிப்பு கொடுப்பார்கள். ஒரே கூரைக்குக் கீழே இருப்பவரைச் சாட்சி வைக்காதீர்கள் என்று நான் ஒவ்வொரு கல்யாணத்திலும் சொல்லிப் பார்த்தேன். கல்யாணத்தன்றுகூட இந்தம்மா சர்வீஸ் பேச்சை விடமாட்டேங்குது என்று சிரித்தார்கள். நானும் லட்டை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

தாரணிக்கு முகம் வெளுத்தது. செத்தவர் சாட்சி தானாகப் போய்விடாதா என்று கேட்டாள்.

"போகாது தாரணி. சாட்சி செத்தா சாட்சியம் போயிரும்னு வெச்சா, சாட்சியக் கொல்லுவாங்களேன்னு நான்தான் அப்படி வெச்சேன். அவரோட வாரிசுக்குப் போகும்."

வாரிசு யார் என்று அவள் கேட்கவில்லை. இதழினிக்குக் காது குத்தினபோது, தாய்மாமன் மடியில் குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருக்க, சபரி பெட்டியைத் திறந்து தன் வாரிசாக மகள் பெயரை ஏற்றினான். அதுவும் ஊர் வழக்கம். அந்தப் போட்டோ இன்னும் அவர்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. எட்டு வயதில் அந்த உரிமை திறக்கும். யார் கண்ணில் படக்கூடாதென்று நாலு வீட்டுப் படி ஏறினாளோ, அந்தக் கண்தான் அதைப் படித்து அழிக்க வேண்டும். ஐந்தாவது வீடு அவள் வீடேதான்.

"நீங்க செஞ்ச பெட்டிதானுங்களே. உங்களால ஒடைக்க முடியாதுங்களா?" என்று கேட்டாள்.

முடியாது என்றேன். நான் பொய் சொல்கிறேனோ என்று என் கண்ணையே பார்த்தாள். எனக்கென்று ஒரு சாவி வைத்துக்கொள்ளலாம் என்று ஆரம்பத்தில் கூட இருந்தவர்கள் சொன்னார்கள். சாவி இருந்தால் என்றைக்காவது அது ஒரு முதலாளி கைக்குப் போகும் என்று வேண்டாமென்றேன். அன்றைக்கு அது எவ்வளவு சரி என்று பட்டதோ, இன்றைக்கும் அவ்வளவு சரிதான். அந்த மரத்தடியில் நின்றபோது அந்தச் சரியை எடுத்துத் தெருவில் எறியலாம் போல இருந்தது.

திரும்பும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னாள். சாலையோரம் நின்று அழுதாள். நான் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன்.

"எல்லாரும் நான் சொன்ன சொல்லத்தான் பேசறாங்கக்கா. அது கோவத்துல வந்தது. அதுக்குக் கீழ அவரு ஒண்ணு கேட்டிருந்தாரு. நான் வீம்புக்குப் பதிலே போடல. நாலு நாளு. பாத்துப் பாத்து மூடி வெச்சேன். அவரு எத்தனை தடவை தொறந்து பாத்தாரோ, அதுதான் எனக்குத் தாங்கல."

ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் காலையில் என்னை வரச் சொல்லியிருந்தாள். போனபோது இதழினி புதுப் பாவாடை கட்டிக்கொண்டு பெட்டிக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். தாரணி அவளுக்கு எல்லாவற்றையும் முன்பே சொல்லிவிட்டிருந்தாள். அம்மா அப்பாவைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினேன், அது இதில் இருக்கும், நீ படித்துவிட்டு அதை எடுத்துவிடலாம் என்று சொல்லி வைத்திருந்தாளாம். சொல்லும்போது பிள்ளை குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை என்றாள். அதுதான் பயமாக இருக்கிறது என்றாள்.

பெட்டி திறந்தது. தண்ணீர் பீறிட, நனைந்து சிரிக்கிற அப்பா. பிள்ளை அந்தப் போட்டோவை வெகுநேரம் பார்த்தாள். கோரிக்கை வந்தது. வாய்விட்டு வாசிக்கச் சொன்னது.

"ஒண்ணும்... வர...வேண்டாம். அங்க...யே செத்துத் தொலை."

அவள் எழுத்துக்கூட்டிப் படித்ததால் ஒவ்வொரு சொல்லும் நின்று நின்று வந்தது. தாரணி சுவரோடு சாய்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் எழுதிய விதி, கண்ணெதிரே, ஒரு குழந்தையின் வாயால் அதன் தாயை அடித்துக்கொண்டிருந்தது. எழுந்து வெளியே போய்விடத்தான் தோன்றியது. போக எனக்கு உரிமை இல்லை என்று உட்கார்ந்திருந்தேன்.

இதழினி கீழ் வரிக்கு வந்தாள். அப்பா பெயரைப் பார்த்ததும் பெட்டிக்குப் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்துகொண்டாள்.

"சரி சரி, திட்டுனது போதும். பாப்பா காலு எத்தனை இன்ச்சு? இங்க ஸ்கூல் ஷூ நல்லாருக்குது. வாங்கியாறேன்."

இதை மட்டும் அவள் தட்டுத் தடுமாறாமல் படித்தாள். பிறகு மனதுக்குள் இன்னொரு தடவை படித்தாள், உதடு மட்டும் அசைந்தது.

பெட்டி பொத்தானைத் திறந்துவிட்டது. அழிக்கலாம், வேண்டாம் என்று இரண்டு. பிள்ளை திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

"ஏம்மா, அப்பா கேட்டதுக்கு நீ சொல்லவேயில்லையா?"

தாரணி இல்லை என்று தலையாட்டினாள்.

நான் குறுக்கே புகுந்து ஏதோ சொல்லப் பார்த்தேன். வேண்டாமென்று அழுத்தினால் இனி எப்போதும் அழிக்க முடியாது கண்ணு, அம்மா எழுதினதும் அப்படியே இருக்கும் என்றேன். தெரியும் என்பதுபோல் பார்த்தாள். தெரியுமா என்ன, எட்டு வயதில்? எனக்கே இந்த வயதில்தான் தெரிகிறது. அவள் வேண்டாம் என்பதை அழுத்தினாள். கோரிக்கை மறைந்தது.

அப்புறம் எழுந்து போய் அலமாரிக்குப் பின்னாலிருந்து தையல் டேப்பை எடுத்து வந்தாள். அம்மாவின் முன்னால் நின்று பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு காலை நீட்டினாள்.

தாரணி மண்டியிட்டு அந்தக் காலைக் கையில் வாங்கினாள். குதிகாலில் டேப்பின் நுனியை வைத்துப் பெருவிரல் வரைக்கும் இழுத்தாள். டேப் நழுவியது. மறுபடி வைத்தாள். எண்ணைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எத்தனைம்மா?"

"எட்டு."

இதழினி ஓடிப்போய்ப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். அப்பாவின் வரிக்குக் கீழே ஒரு விரலால் தேடித் தேடி எழுத ஆரம்பித்தாள். டேப்பைக் கையில் சுற்றியபடி தாரணி அங்கேயே, தரையிலேயே இருந்தாள். மூன்று வருடம் தாமதமாக, தன் கணவனுக்குச் சொல்ல வேண்டியதை அவள் மகளிடம் சொன்னாள்.

"அரை இன்ச்சு சேத்திப் போடு கண்ணு. அப்பா வாங்கியாறதுக்குள்ள வளந்துருவே."